ஜீவனாம்சம் கேட்ட மாப்பிள்ளை

புருசன் பெண்டாட்டிக்கு ஜீவனாம்சம் கொடுப்பதைத்தான் நம் பக்கத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். பெண்டாட்டியிடம் புருசன் ஜீவனாம்சம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போன கதை எங்கள் சித்ரகலாவுடையது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

சித்ரகலா என் சித்தப்பா மகன் ஆறுச்சாமியின் ஒரே மகள். கிணறு வற்றிப்போன வருடம் பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போனவள். முதலில் கைமடி வேலை, அதாவது டெய்லர் தைத்துத் தள்ளுகிற துண்டுகளை மடித்து அடுக்குவது. சாப்பாட்டு மணி அடித்து டெய்லர்கள் எழுந்து போனதும், காலி மிஷினில் உட்கார்ந்து கழிவுத் துணியில் ஓட்டிப் பார்ப்பாள். சூப்பர்வைசர் பார்க்கிறபோதெல்லாம் விரட்டினார். ஒருநாள் அவள் தைத்திருந்த கழுத்துப்பட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அவளை டெய்லராகவே போட்டுவிட்டார். அந்தப் பெண்தான் பிற்பாடு முதலிபாளையத்தில் சொந்தமாக ஒரு ஷெட் பிடித்து, எட்டு மிஷின் போட்டு, பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கிற துணியைத் தைத்துக் கொடுக்கிற முதலாளி ஆனாள்.

மாப்பிள்ளை சுரேஷ் பனியன் துணி நெய்கிற மிஷின்களுக்கு ஃபிட்டர். நல்ல கைவேலைக்காரர், பேச்சும் வெல்லம். ஒரு விசேஷம் என்றால் பந்தல்கால் நடுவது முதல் பந்தி விசாரிப்பது வரை அவர்தான் முன்னால் நிற்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதை ஒரு குறையாக அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, அந்த மட்டுக்கும் நல்லவர்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வருவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு நின்றே போய்விட்டது. சித்ரகலா எங்களிடம் என்ன சொன்னாள் தெரியுமா? சூரத்தில் பெரிய மில்லில் வேலை கிடைத்துவிட்டதாம். நாங்களும் நம்பினோம். அவள் அம்மா மருதாள் தீபாவளிக்கு ஒரு தூக்கு முறுக்குச் சுட்டு, மாப்பிள்ளைக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்தாள். அது ஷெட்டைத் தாண்டிப் போயிருக்காது.

அப்புறம் ஒருநாள் கோர்ட் நோட்டீஸ் வந்தது. பெண்டாட்டி கொடுமை தாங்காமல் வீட்டை விட்டு வந்துவிட்டேன், முதுகுத் தண்டில் அடிபட்டு வேலை செய்ய முடியவில்லை, அவளுக்கு நல்ல வருமானம் இருக்கிறது, எனக்கு விவாகரத்தும் வேண்டும் ஜீவனாம்சமும் வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். மொத்தமாகக் கொடுப்பதென்றால் பாதி மிஷின்களை விற்க வேண்டும். மாதாமாதம் என்றால் தையல்காரர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் இடிக்கும். எப்படிப் பார்த்தாலும் ஷெட் நிற்காது. பழைய மிஷின் வாங்குகிற புரோக்கர் ஒருத்தர் வந்து ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போனபிறகு சித்ரகலா எண்ணெய்த் துணியை எடுத்து எட்டு மிஷினையும் துடைத்தாளாம்.

வக்கீல் அனுப்ரியா சின்ன வயசுப் பெண், ஆனால் கெட்டிக்காரி. நோட்டீசைப் படித்ததும் கேட்ட முதல் கேள்வி, அவருக்கு வேறு பெண் சகவாசம் உண்டா என்பதுதான். சித்ரகலா தரையைப் பார்த்துக்கொண்டு இல்லவே இல்லை என்றுவிட்டாள். தெரியாமல் இல்லை. பல்லடத்தில் ஜோதிகா என்று புருசனை இழந்த ஒரு பெண்ணோடு அவர் குடித்தனம் நடத்துவது அவளுக்கு முதல் வருடமே தெரியும். ஷெட்டே போனாலும் சரி, புருசனை இன்னொருத்தியிடம் விட்டவள் என்று ஜனம் பேசக்கூடாது என்று நினைத்தாள். அப்படியானால் ஏதாவது கொடுத்துத்தான் தீர வேண்டியிருக்கும் என்று வக்கீலும் சொல்லிவிட்டார்.

இங்கேதான் மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார்.

சித்ரகலாவின் ஷெட்டில் முனீஸ் என்று ஒரு டெய்லர், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஞாயிற்றுக்கிழமை பல்லடத்துக்குப் போய்விட்டு வந்தவன், மறுநாள் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றான்.

“யக்கா, அண்ணன் சூரத்துலயா இருக்காவ? பல்லடம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பத்தடி ஒசரத்துக்கு நிக்காவளே.”

ஜோதிகாவின் மகள் பூங்குழலி பெரியவளாகி, அந்தப் பிள்ளைக்கு மண்டபம் பிடித்துச் சீர் செய்திருக்கிறார்கள். அதற்கு ஒரு ஃப்ளெக்ஸ். நடுவில் அந்தப் பிள்ளை அன்னப்பறவை சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பக்கம் ஜோதிகா, அந்தப் பக்கம் கூலிங்கிளாஸ் போட்டுக் கும்பிட்டபடி நம் மாப்பிள்ளை. வரவேற்பவர்கள் என்று கீழே இரண்டு பேர் பெயரும் ஜோடியாக. இத்தனை வருடம் ஒரு குடித்தனத்தையே மூடி மறைத்த மனுசனுக்கு, ஒரு ஃப்ளெக்ஸுக்குப் போட்டோ கேட்டதும் மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. நம் ஊரில் யாருக்குத்தான் வரும்?

மறைத்து இனி என்ன ஆகப்போகிறது? எல்லா பஸ்ஸும் அந்த வழியாகத்தான் போகிறது. சித்ரகலா அன்றைக்கே வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அனுப்ரியா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஆண் என்றாலும் பெண் என்றாலும் வருமானம் இல்லாதவர் வருமானம் உள்ளவரிடம் கேட்கலாம்தான், ஆனால் கேட்கிறவர் நடத்தையையும் கோர்ட் பார்க்கும் என்றார். என்றைக்கோ ஒருநாள் சறுக்கியதைப் பெரிதாக எடுக்காமல் விட்டாலும் விடுவார்களாம். இன்னொருத்தியோடு சேர்ந்து வாழ்ந்துகொண்டே பெண்டாட்டியிடம் கை நீட்டினால் கோர்ட் மறுக்கலாமாம், கொடுத்துக்கொண்டிருப்பதைக்கூட நிறுத்தலாமாம். ஒரு படத்தை மட்டும் வைத்து ஜெயித்துவிட முடியாது, அவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்றும் சொன்னார்.

விசாரணைக்கு ஆறுச்சாமியோடு நானும் போனேன். அன்றைக்குக் கரண்ட் இல்லை. ஃபேன் நின்று, வெக்கை தாங்காமல் கதவை விரியத் திறந்து வைத்திருந்தார்கள். ஜோதிகா மாப்பிள்ளைக்குச் சாட்சியாக வந்திருந்தாள். இவர் என் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார் என்று சொல்ல வேண்டியதுதான் அவள் வேலை. சாட்சி வெளியே நிற்க வேண்டும் என்பதால் வராந்தாவில் கதவோரம் நின்றாள்.

அனுப்ரியா படத்தில் ஜோதிகாவைக் காட்டி, இந்தப் பெண் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மாப்பிள்ளை படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்து சொன்னார்:

“தங்கச்சி முறை ஆகுதுங்க. அந்தப் புள்ளைக்கு நான் தாய்மாமனுங்க. அதான் படம் போட்டாங்க.”

பச்சைப் பொய். சுரேஷின் அம்மா பெற்றது நாலும் ஆண். அவர் கல்யாணத்தில் இணைச்சீருக்கு மாப்பிள்ளை பக்கத்தில் உட்காரக் கூடப்பிறந்தவள் இல்லாமல், சின்னம்மா மகளைத் தாராபுரத்திலிருந்து கூட்டி வந்ததை நான் கண்ணால் பார்த்தவன். பல்லடத்தில் தங்கச்சி முறை ஒருத்தி இருந்திருந்தால் தாராபுரம் வரை போவானேன்? ஆனால் கோர்ட்டுக்கு அது என்ன தெரியும்? பதில் நல்ல பதிலாகத்தான் இருந்தது. அவருடைய வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டார். சித்ரகலா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். ஷெட் போயிற்று என்றே நான் நினைத்தேன்.

அப்போதுதான் வராந்தாவைப் பார்த்தேன். திறந்த கதவு வழியாக அத்தனையும் ஜோதிகா காதில் விழுந்திருந்தது. கட்டியவன் இல்லாவிட்டாலும் கூட வாழ்கிறவன். நம் பக்கத்தில் ஒருத்தியைத் தங்கச்சி என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு அவள் வீட்டுப் பாயில் படுப்பது?

அவளைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினாள். இவர் உங்களுக்கு என்ன உறவு என்று அவர்கள் தரப்பு வக்கீலே கேட்டார். அவள் ஜட்ஜ் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

“என்ற அண்ணன் பேரு ஆத்தப்பனுங்க. அவருதான் மாமன் சீரு கொண்டாந்தாரு. அந்தத் தட்டத்தை என்ற பக்கத்துல நின்னு கை நீட்டி வாங்குனவரு இவருங்க. மாமனா இருந்தா குடுத்திருக்கோணும், வாங்கியிருக்கக் கூடாதுங்க.”

ஜட்ஜ் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை நாளாகச் சேர்ந்து இருக்கிறீர்கள் என்று கேட்டார். நாலு வருசம் என்றாள். மாப்பிள்ளை பல்லடத்துத் தறிப் பட்டறைகளில் மிஷின் ரிப்பேருக்குப் போவதையும், முதுகு வலி கோர்ட்டுக்கு வருகிற நாளில் மட்டும் வருவதையும் கேட்காமலே சொன்னாள். இந்தப் பணம் வந்தால் பூங்குழலியை நர்சிங் படிக்க வைப்பதாகச் சொல்லித்தான் தன்னைக் கூட்டி வந்தார் என்பதையும் மறைக்கவில்லை. கடைசியாக இதையும் சொன்னாள்.

“பொண்டாட்டின்னு சொல்லச் சொல்லி நான் ஒரு நாளும் கேக்கலீங்க. தங்கச்சின்னு சொல்லாம இருந்திருக்கலாம்.”

வெளியே வந்ததும் மாப்பிள்ளை அவள் பின்னாலேயே ஓடினார். ஜோதி ஜோதி என்று கெஞ்சினார். அவள் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மரியாதையாகச் சொன்னாள்:

“துணிமணியெல்லாம் மூட்டை கட்டி வாசல்ல வெக்கறனுங்க. பொங்கலுக்குச் சீரு எடுத்துட்டு வாங்கண்ணா.”

ஆறுச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். சித்ரகலா சிரிக்கவில்லை. அந்தப் பெண் கேட்டைத் தாண்டிப் போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

தீர்ப்பு சொல்ல ஒரு மாதம் ஆனது. இங்கிலீஷில் வாசித்ததில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அனுப்ரியா திரும்பி விளக்கினார். இன்னொரு குடித்தனம் நடத்திக்கொண்டு அதை மறைத்து வந்தவருக்கு, உழைக்க உடம்பும் இருக்கும்போது, பெண்டாட்டி சம்பாத்தியத்தில் பங்கு கிடையாது. கொடுமை என்று சொன்னதற்கும் ஆதாரம் இல்லை. சித்ரகலா பதிலுக்குக் கேட்டிருந்த விவாகரத்து அவள் பக்கமே கிடைத்துவிட்டது.

“அப்ப மிஷினை விக்க வேண்டாமுங்களா மேடம்?”

“ஒரு ஊசி கூட விக்க வேண்டாம்.”

சித்ரகலா வராந்தாவில் நின்றே புரோக்கருக்குப் போன் போட்டு, விற்கவில்லை என்று இரண்டு வார்த்தையில் முடித்தாள். ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று ஆறுச்சாமி கூப்பிட்டான்.

“நீங்க போயிச் சாப்புடுங்கப்பா. இன்னைக்கு ரெண்டு டெய்லர் லீவு, சாயங்காலம் சரக்கு ஏத்தோணும்.”

சொல்லிக்கொண்டே ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள். நாங்கள் ஹோட்டலில் கை கழுவும் நேரத்துக்கு அவள் போய் மிஷினில் உட்கார்ந்திருப்பாள்.