துப்பிய தேநீர்

தேயிலைக் கிடங்கில் என் தம்பிக்குப் பெயர் ‘நாக்கு’. முப்பத்தொரு வருடமாக ஒரே வேலை. வரிசையாக வைத்த வெள்ளைக் கிண்ணங்களிலிருந்து கரண்டியால் மொண்டு சர்ரென்று உறிஞ்சுவான். வாய்க்குள் ஒரு சுழற்று, தொட்டியில் துப்பு, அடுத்த கிண்ணம். சரக்கின் தரத்தை அவன் சொன்னால் சொன்னதுதான். வீட்டில் டீயைத் தொடவே மாட்டான்.

இரண்டு வருடம் முன்பு இதயக்குழாயில் அடைப்பு என்றார்கள். மாத்திரையில் ஓட்டினான். இப்போது பத்துப் படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இதயத்தில் ரத்தம் எங்கே குறைகிறது என்று படம் எடுத்துப் பார்த்துத்தான் மேற்கொண்டு முடிவு என்றார் டாக்டர். முழங்கால் தேய்ந்தவனை டிரெட்மில்லில் நடக்கவைக்க முடியாது. ரத்தக்குழாயை விரிக்கும் ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன். அதற்குத் தேதி கிடைக்கவே ஒன்பது வாரம்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதே என் பிழைப்பாக இருந்தது. முந்தின நாளிலிருந்து டீ, காபி கூடாது, ஊசி வேலை செய்யாது என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். ஸ்கேன் அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது, குடிக்கவில்லை என்று நேராகப் பார்த்துச் சொன்னான். அவள் மருந்து எடுக்கப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

“நேத்து வேலைக்குப் போனியா?”

“பின்ன? இன்னிக்கு ஏலமாச்சே.”

“எத்தனை கிண்ணம்?”

“நூத்தம்பது இருக்கும். எல்லாம் துப்பிட்டேன்க்கா. குடிக்கக் கூடாதுன்னுதானே சொன்னே?”

அவன் பொய் சொல்லவில்லை. அவன் தொழிலில் துப்பினால் குடித்த கணக்கில்லை. ஆனால் நூற்றைம்பது வாயில் கொஞ்சமாவது தொண்டையில் இறங்கியிருக்கும்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். “சொல்லிடாதே. இன்னொரு தடவை காத்திருக்க என்னால ஆகாது.”

சொல்லாவிட்டால், ஊசி வேலை செய்யாமல் படம் நன்றாக இருப்பதுபோலவே வரலாம். ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். அடைப்பு உள்ளேயே இருக்கும். நர்ஸிடம் சொன்னேன்.

அவள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தாள். இன்று வேண்டாம். அடுத்த தேதி ஏழு வாரம் கழித்து. யாராவது வராமல் போனால் முன்னதாகக் கூப்பிடுவார்கள். சும்மா இருக்கும்போதே வலி வந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு வரச் சொன்னாள்.

ஆஸ்பத்திரி அங்கியோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

“ஏழு வாரம் தாங்குவேனாக்கா?”

“தெரியலடா. சட்டையைப் போடு.”

சட்டைக்குள் கையை நுழைத்தவன் பொத்தானை அப்படியே விட்டுவிட்டான். நான்தான் மாட்டிவிட்டேன்.