சிக் கிடைக்காத காய்ச்சல்

பாம்பன் ரயில்வே குடியிருப்பில் காய்ச்சல் வேறு, சிக் வேறு. காய்ச்சல் யாருக்கும் வரலாம். சிக்கை ரயில்வே டாக்டர் எழுதித் தர வேண்டும். எழுதிவிட்டால் ‘அவன் சிக்கில் இருக்கிறான்’ என்பார்கள். காலை நீட்டிக் கஞ்சி குடிக்கலாம், வேலைக்குப் பழுதில்லை. எழுதாமல் படுத்தால் ஆப்சென்ட். 1956இல், தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் மூக்கையாவுக்கு அப்படி இரண்டு விழுந்திருந்தன. இன்னொன்று விழுந்தால் பெயரை அடித்துவிடுவதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

மூக்கையாவுக்கு வந்தது முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், வெயில் ஏறும்போது உடம்பைத் தூக்கிப் போடும். மறுநாள் வந்த சுவடே இருக்காது. டாக்டரோ இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமைதான் பாம்பனுக்கு வருவார். சொல்லிவைத்தாற்போல அந்தத் திங்கள் எல்லாம் மூக்கையா நன்றாக இருந்தார்.

“டாக்டரு வார அன்னைக்கு ஒங்க காய்ச்சலும்ல லீவு போட்டுருது,” என்றாள் அவர் மனைவி பூமயில்.

டாக்டர் கெட்டவர் இல்லை. ஏர்வாடி சந்தனக்கூடு திருவிழா நெருங்கினால் கேங்கில் பாதிப் பேருக்கு ‘நேற்று’ காய்ச்சல் அடித்திருக்கும். அவரும் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்? அந்தத் திங்களும் மூக்கையாவுக்குத் தெர்மாமீட்டர் வைத்தார், நாக்கை நீட்டச் சொன்னார், இல்லாத காய்ச்சலை எப்படி எழுதுவது என்று கேட்டார். ‘ஃபிட்’ என்று சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார்.

மறுநாள் செவ்வாய். பாலத்தில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோதே குளிர் ஏறிவிட்டது. கையில் ஸ்பானர் நிற்கவில்லை. கேங்குக்குத் தலைவரான மேட் சின்னக்கருப்பன் பயந்துபோனார்.

“ஏலே, கடலுக்குள்ள விழுந்து தொலைக்காத. அங்கன கரையில போயிப் படு.”

சாக்கைப் போர்த்திக்கொண்டு மூக்கையா படுத்த சற்று நேரத்தில் தண்டவாளத்தில் இன்ஸ்பெக்டரின் டிராலி வந்து நின்றது. காய்ச்சல்தான், தொட்டுப் பாருங்கள் என்று மேட் கெஞ்சினார். இன்ஸ்பெக்டர் தொடவில்லை. டாக்டர் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

“நேத்துத்தானே ஃபிட்டுன்னு எழுதியிருக்கு? ஃபிட்டான ஆளு டியூட்டியில படுத்தா அதுக்குப் பேரு தூக்கம்.”

நேற்று காய்ச்சலின் முறைநாள் இல்லை என்று சொல்ல மூக்கையா வாயைத் திறந்தார். பல் கிட்டிக்கொண்டது. விடிந்ததும் வேலைக்கு வந்து நின்ற ஆளை வரவில்லை என்று எழுதச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் டிராலியில் ஏறினார். மேட் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூக்கையா சாக்கை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டார். இனி எழுந்து யாருக்கு வேலை பார்ப்பது?