மதியம் 12:42க்குக் கடந்த வண்டி

இது ராத்திரியில் நடந்ததில்லை. பட்டப்பகலில் நடந்தது. 1949 மார்ச் 9, புதன்கிழமை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்த வண்டியில் சாப்பாட்டுத் தட்டு ஏந்திய சர்வர்கள் நாங்கள் யாரும் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

கலிபோர்னியா கடற்கரைப் பாதையில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு பகல் வண்டிகள் ஓடின. 1937இல் விட்டபோது வேடிக்கை பார்க்கவே வழியெல்லாம் கூட்டமாம். ஆரஞ்சும் சிவப்பும் பூசி, தோட்டா மாதிரி வழவழவென்று இருக்கும். காலை 8:15க்கு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து எங்கள் வண்டி, அதே நேரத்துக்கு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து எதிர் வண்டி. இருந்தது ஒற்றைத் தண்டவாளம். பாதி வழியில் நாங்கள் பக்கத்துக் கிளைத் தடத்தில் ஒதுங்கி நிற்போம். அது கடந்து போகும்.

எங்கள் சாப்பாட்டுப் பெட்டிக்கு ஹெட் சர்வர் வெண்டல் டாலிவர். முன்பு அந்த இடத்தில் இருந்தவர் ரூஃபஸ் பெட்வே. ரூஃபஸ் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று மேலே போட்டுக்கொடுத்தது வெண்டல்தான். ரூஃபஸ் சொட்டுகூடத் தொடாத மனுஷன். அவரைச் சாதாரண சர்வராக்கி எதிர் வண்டிக்குத் தள்ளிவிட்டார்கள்.

"என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டல்ல... உன்ன விடமாட்டேன்டா."

அதுதான் ரூஃபஸ் வெண்டலிடம் பேசிய கடைசிப் பேச்சு. பிறகு வண்டிகள் கடக்கும்போது கண்ணாடி வழியே ஒரு முறைப்பு. அவ்வளவே.

அன்று 12:36க்கு ஒதுங்கி நின்றோம். வெண்டல் ஒரு அம்மாவுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

12:42. எதிர் வண்டி வந்தது.

சத்தமே இல்லை.

எப்போதும் மேஜையில் கிளாஸ்கள் கிணுகிணுக்கும். அன்று தண்ணீர்கூட அசையவில்லை...

ஜன்னலில் ரூஃபஸ். நெற்றியைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு ஏதோ பேசினார். கண் வெண்டல் மேலேயே.

அந்தப் பெட்டி போனது. அடுத்த பெட்டி. அதன் ஜன்னலிலும் ரூஃபஸ்.

அடுத்ததிலும்.

அடுத்ததிலும்...

உதடு மட்டும் விடாமல் அசைந்தது.

வண்டி போய்விட்டது.

காபி வெண்டலின் கையிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு மேலாள் கிராண்டல், கறுப்பர்களான எங்களுக்கு மேலிருந்த வெள்ளைக்காரர், விறுவிறுவென்று வந்தார்.

"டேய், தூங்குறியா?"

"வண்டிதான் போயிடுச்சே சார்... நாம ஏன் இன்னும் கெளம்பல?"

"எந்த வண்டி? அது நாப்பது நிமிஷம் லேட்டு. இன்னும் வரவேயில்ல." பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார். "நீயும் குடிக்க ஆரம்பிச்சிட்டியா?"

வெண்டல் காபிக் குடுவையைக் கீழே வைத்தார்.

1:22. கிளாஸ்கள் கிணுகிணுத்தன. எதிர் வண்டி வந்தது... மறுபடியும்.

ரூஃபஸின் ஜன்னலில் வேறு ஆள்.

மாலை 6:40. சான் பிரான்சிஸ்கோ. பிளாட்பாரத்தில் ஸ்டேஷன் போர்ட்டர் சைலஸ் காத்திருந்தார்.

"காலைல ரூஃபஸ் வண்டிக்குள்ளயே விழுந்துட்டாரு. நெஞ்சு வலி. டாக்டர் வந்து, ஒடம்ப எறக்கி, வேற ஆளப் புடிச்சு... அதான் லேட்டு."

"எத்தன மணிக்கு?"

"எட்டு அஞ்சுக்கு உசுரு போச்சு."

வெண்டல் இன்னும் பக்கத்தில் போனார். "ஏதாச்சும் சொன்னாரா?"

சைலஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"'வண்டி எப்போ கெளம்புமோ, நான் முன்னாடி போறேன், வெண்டலப் பாக்கணும்'னாரு."