சாவிக்காரர் கேட்ட பாட்டு

எங்க வீட்டுக்காரரைச் சாவிக்காரர் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், செருப்புக் கடைக்கும் நகலெடுக்கிற கடைக்கும் நடுவில் அவர் கடை. ஒரு ஆள் உள்ளே நின்றால் இன்னொரு ஆள் வெளியேதான் நிற்கணும். சாவி வெட்டுகிற மெஷின், நாலைந்து அரம், சுவர் முழுக்க ஆணியில் தொங்குகிற வெட்டாத சாவிகள், தலைக்கு மேலே ஒரு பழைய பாட்டுப் பெட்டி. அந்தப் பெட்டியில் பெருசுங்க பாட்டைத் தவிர வேறு எதுவும் பாடாது.

பெருசுங்க என்றால் ஒரு ராக் கோஷ்டி. கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற நாலு பேர். எங்களுக்குக் கல்யாணமான புதுசில் இவர் அவர்களைப் 'பசங்க' என்றுதான் சொல்வார். அப்புறம் அவர்களுக்கு முடி நரைத்தது, ஒருத்தருக்கு முடியே போனது, ஒருத்தருக்கு மூட்டு மாற்றி வைத்தார்கள். பசங்க தானாகவே பெருசுங்க ஆகிவிட்டார்கள். கோஷ்டியில் கிடார் வாசிக்கிறவர் போடுகிற கீச்சும் எங்க மெஷின் போடுகிற கீச்சும் ஒன்று போலவே இருக்கும். வந்தவர்கள் சாவி வெட்டி முடிந்தது என்று கையை நீட்டுவார்கள். "இருங்க சார், இது பாட்டு. சாவி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்பார்.

அவர்கள் பாடுகிற மொழி இங்கே ஒருவருக்கும் தெரியாது. பாட்டு வரிகளை அவர்கள் எங்கேயும் அச்சடித்துக் கொடுத்ததும் இல்லை. அதனால் காதில் விழுந்ததுதான் பாட்டு. அவர்களுடைய பெரிய பாட்டில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். மேளம் நின்றுவிடும், கிடார் நின்றுவிடும், பாடுகிறவர் மட்டும் அடித்தொண்டையிலிருந்து கத்துவார். எங்க வீட்டுக்காரர் காதில் அது 'கதவத் தொற, கதவத் தொற' என்று விழுந்தது.

விழுந்த நேரம் அப்படி. அவர் அப்பா ரயில்வே சரக்கு ஆபீஸ் வேலைக்கான பரீட்சைக்கு அனுப்பியிருக்கிறார். எழுத மனசில்லாமல் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார். ரேடியோ கடையிலிருந்து இந்தப் பாட்டு. கதவத் தொற, கதவத் தொற. தலையைத் தூக்கினால் எதிரே சாவிக்கடை, 'ஆள் தேவை' என்று பலகை. பரீட்சை மணி அடிக்கும்போது இவர் கையில் அரம் இருந்ததாம்.

அவர் அண்ணன் அந்தப் பரீட்சையை எழுதினார், ஆபீசில் உட்கார்ந்தார், இப்போது ஓய்வும் பெற்றுவிட்டார். வீட்டு விசேஷம் எதுவானாலும் பத்து பேர் முன்னால், "இவன் பாட்டக் கேட்டுப் பொழப்பத் தேடினவன். நல்லவேளை அவனுங்க 'கெணத்துல குதி'ன்னு பாடல" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும், "என்னைக்காவது அந்தப் பாடகர் வாயாலயே சொல்லக் கேட்டுக் காட்டுறேன் பாரு. அவர் சொன்னார், நான் செஞ்சேன். அவ்வளவுதான்" என்பார். மகள் ஒரு தடவை போனில் தேடிச் சொல்கிறேன் என்று உட்கார்ந்தாள். இவர் போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தார். "போனுக்குக் காது இருக்காடி?"

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பாடகர் எங்கள் ஊருக்கே வருகிறார் என்று செய்தி வந்தது. மற்ற மூன்று பேருக்கும் டாக்டர் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டாராம். பாடகர் ஒருத்தர் மட்டும் ஊர் ஊராகப் போய் ரசிகர்களைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போகிறாராம். பாட்டுக் கிடையாது, தொண்டை போய்விட்டது. ரசிகர்கள் பாடுவார்கள், அவர் உட்கார்ந்து கேட்பார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்.

ரசிகர் மன்றம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பல்டாக்டரிடம் உதவிக்கு இருக்கிற ஒரு அம்மாதான் செயலாளர். என்ன கேட்பது என்று பேசப் பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற அறையில் கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். உட்கார இடமில்லாமல் பல் பிடுங்குகிற நாற்காலியில் என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள்.

"கேள்வி என்ன கேள்வி?" என்றார் எங்க வீட்டுக்காரர். "எல்லாரும் சேர்ந்து 'கதவத் தொற'ன்னு பாடுறோம். சரியாப் பாடினோமான்னு கேக்குறோம்."

செயலாளர் அம்மா முகமூடியைக் கழற்றினார். "என்ன பாடுறோம்?"

"கதவத் தொற."

"அண்ணே, அது 'கடவாயத் தொற'. கடைசிப் பல்லப் பாக்கணும்னா வேற என்ன சொல்லுவாங்க?"

தையல்காரர் ஒருத்தர் துள்ளி எழுந்தார். "யோவ், எவன்யா சொன்னது? 'கஜத்த அள'! அடுத்த வரியில ஒருத்தர் சரசரன்னு இழுக்குறாரே, அது என்ன? துணியக் கிழிக்கிறாங்க!"

"அது கிடாருங்க."

"உனக்குக் கிடாரு. எனக்குத் துணி."

பேருந்து நடத்துனர் ஒருத்தர் கையைத் தூக்கினார். இரண்டு பக்கமும் நியாயம் பார்க்கிறவர் மாதிரி மெதுவாகப் பேசினார். "சாவிக்காரர் சொல்றதுல பாதி சரி. கதவுதான். ஆனா 'கதவ விடுறா'. படியில தொங்குறவன்கிட்டச் சொல்றது. அந்தக் கோபத்தப் பாருங்க. கதவத் தொறக்கச் சொல்றவனுக்கு அவ்வளவு கோபம் வருமா?"

"சாவிய உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டு வெளிய நின்னவனப் பாத்திருக்கீங்களா நீங்க?" என்றார் இவர்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். விழாவில் அவரவர் கேட்டபடி அவரவர் பாடுவது. பிறகு அந்த ஒரு கேள்வியாக, 'அந்த வரி என்ன?' என்று கேட்பது. கேட்க வேண்டியவர் யார் என்பதற்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எங்க வீட்டுக்காரர் பேர் வந்தது. "பூட்டு வேலைக்காரன், சீட்டையும் நெம்பிட்டான்" என்றார் தையல்காரர்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் விழா. இவர் இஸ்திரி போட்ட சட்டை, இடுப்பில் எப்போதும் இருக்கிற கருவிப் பை. "இன்னைக்குமா அது?" என்றேன். "பேன்ட் நிக்காது" என்றார். அண்ணனுக்கும் போன் போட்டு, "சாயங்காலம் வீட்டுக்கு வா, சேதி இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். நான் காலையில் குளித்ததும் கொஞ்சம் கூடுதலாகவே கும்பிட்டேன். இந்த மனுஷன் முகம் வாடிவிடக்கூடாது கடவுளே, வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. எல்லோரும் எங்கள் வயசு, அதற்கும் மேலே. கறுப்புச் சட்டையில் மண்டை ஓடு போட்ட ஒரு பெரியவர் மூச்சுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். பாடகரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். மெலிந்த உடம்பு, தோளில் விழுகிற வெள்ளை முடி, குழந்தை மாதிரிச் சிரிப்பு. மேடை ஏறுவதற்கு முன்னால் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றார். போனார். போனவர் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேடைக்குப் பின்னாலிருந்து தொம் தொம் என்று சத்தம். நடுவில் அடித்தொண்டையில் ஒரு கத்தல். மண்டபத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "தொண்டை போயிடுச்சுன்னு எவன் சொன்னது? ஒத்திகை பாக்குறாருடா!" மூச்சு மருந்துப் பெரியவர் முதலில் கை தட்டினார். தொம் தொம்முக்குத் தாளமாக மண்டபம் முழுக்கத் தட்ட ஆரம்பித்தது. உள்ளே இருந்தவர் பயந்து இன்னும் வேகமாக இடித்தார். இவர்களும் வேகமாகத் தட்டினார்கள்.

அவரோடு வந்த மொழிபெயர்க்கிற பெண் ஓடிவந்தாள். "யாராவது வாங்களேன்! தாழ் மாட்டிக்கிச்சு, அவரால வெளிய வர முடியல!"

"நான் வரேன்" என்று இவர் பாய்ந்தார். நானும் பின்னாலேயே போனேன். கழிப்பறைக் கதவின் கைப்பிடி சும்மா சுற்றிச் சுற்றி வந்தது, உள்ளே பூட்டின் நாக்கு நகரவில்லை. பையிலிருந்து மெல்லிசான தகட்டை எடுத்துவிட்டார். அப்போது உள்ளேயிருந்து மறுபடி கத்தல். 'ஷூப்னிக்! ஷூப்னிக்!' என்று தும்மல் மாதிரி.

"என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டார் இவர், தகட்டைச் சந்தில் வைத்துக்கொண்டே.

"வேற என்ன சொல்லுவாரு? கதவத் தொறங்கன்னு சொல்றாரு."

இவர் கை நின்றுவிட்டது. "அத அவங்க பாஷையில சொல்லச் சொல்லு."

"அவங்க பாஷையிலதாங்க சொல்றாரு!"

"ஷூப்னிக்?"

"ஆமா. கதவத் தொறன்னு அர்த்தம்."

"வேற மாதிரிச் சொல்ல முடியாதா? கொஞ்சம் இழுத்து? பாட்டுல வர்ற மாதிரி?"

"எப்படி இழுத்தாலும் ஷூப்னிக்தான் சார். சீக்கிரம் தொறங்க, அவருக்கு வயசாயிடுச்சு!"

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈரத் தரை. இஸ்திரிச் சட்டை சுவரில் ஒட்டிக்கொண்டது. மண்டபத்தில் கைத்தட்டல், கதவில் இடி, நடுவில் இவர் கல் மாதிரி.

"என்னங்க, எழுந்திரிங்க."

"அப்ப என்கிட்ட யாருடி சொன்னது?" என்றார். "ஒரு எழுத்துகூட ஒத்துப்போகல. பரீட்சைக்குப் போகாம, அப்பாகிட்ட அடி வாங்கி... அண்ணன் சாயங்காலம் வராரு."

அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். "எனக்கு அந்த வரி அப்படிக் கேட்டதே இல்லைங்க" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"'கடவுளத் தொழ.'"

"என்னது?"

"கடவுளத் தொழ, கடவுளத் தொழன்னு. அதனாலதான் நான் கும்பிட உக்காரும்போது நீங்க பாட்டுப் போட்டா நிறுத்தச் சொன்னதில்ல. அந்த வரி வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துக்கும். கண்ண மூடிக்குவேன்."

"இத்தனை வருஷமாவா?"

"ஆமாங்க."

"சட்டையில மண்டை ஓடு போட்ட அந்தப் பெருசுங்க, உன்கிட்டக் கடவுளக் கும்பிடச் சொன்னாங்களா?"

"நல்ல மனுஷங்கன்னு நினைச்சேன்."

அவருக்கு முதலில் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று பயந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான் முதுகைத் தட்டும்படி ஆகிவிட்டது. மொழிபெயர்க்கிற பெண் எங்களை இரண்டு பைத்தியங்கள் என்று முடிவு செய்துவிட்டாள். பிறகு இவர் எழுந்து, தகட்டை விட்டு ஒரு நெம்பு நெம்பினார். நாக்கு உள்ளே போய்விட்டது. பாடகர் வியர்த்து வடிந்து வெளியே வந்து இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கைத்தட்டல் இன்னும் நிற்கவில்லை.

மேடையில் பாடகர் நாற்காலியில் உட்கார்ந்தார். மண்டபம் பாடியது. அந்த வரி வந்தபோது கூரை அதிர்ந்தது. கடவாய், கஜம், கதவு எல்லாம் ஒன்றாகக் கலந்து, கேட்கிறவர்களுக்கு மழை பெய்கிற சத்தம் மாதிரி இருந்தது. தையல்காரர் கழுத்து நரம்பு புடைக்கக் கஜத்தை அளந்தார். செயலாளர் அம்மா கண்ணில் நீர். நானும் வாய்க்குள்ளே என்னுடையதைச் சொல்லிக்கொண்டேன். இவர் பாடவில்லை, ஒவ்வொருத்தர் வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாட்டு முடிந்ததும் இவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். நடத்துனர் இவர் காதில், "நிதானமாக் கேளுங்க. உச்சரிப்போட சொல்லச் சொல்லுங்க" என்றார்.

இவர் மைக்கை வாய்ப்பக்கம் கொண்டுபோனார். தையல்காரரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டால் என்னுடையதும் போய்விடும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் அண்ணன் சாயங்காலம் வருகிறாரே, இவர் கேட்காமல் இருக்க மாட்டார் என்று தோன்றியது.

"ஐயா, உள்ள மாட்டிக்கிட்டப்ப ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். பாடகர் நெஞ்சில் கை வைத்து நீளமாக என்னவோ சொன்னார். "ஆமாம், ரொம்பவே. அதிலும் நீங்கள் எல்லோரும் வெளியே கைதட்டினதும் இன்னும் பயமாகிவிட்டது என்கிறார்" என்றாள். அவ்வளவுதான், விழா முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல முடியாது. வாசல் வரைக்கும் திட்டு. "ஒரே ஒரு கேள்விய்யா! அத கக்கூசு பத்தியா கேப்ப?" என்று தையல்காரர் குதித்தார். செயலாளர் அம்மா இவர் முகத்தையே பார்க்கவில்லை. நடத்துனர், "போனது போகட்டும்னு விடுங்க, அவர் குழம்பிட்டாரு" என்று சமாதானம் பேசினார். இவர் கருவிப் பையை இறுக்கிக்கொண்டு நடந்தார். எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் காப்பாற்றியதை நானே உடைத்ததாகிவிடும்.

சாயங்காலம் அண்ணன் வந்து கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "என்னடா, கேட்டியா? கதவத் தொறன்னுதான் சொன்னாரா உன் ஆளு?"

"இல்லண்ணே. அது வேற என்னமோ."

அண்ணனுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சண்டைக்கு வந்த இடத்தில் ஆள் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. காலைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "என் பீரோ சாவி ஒன்னு தொலைஞ்சு போச்சுடா. நாளைக்கு வந்து பாக்குறியா?" என்றார்.

தையல்காரர் மட்டும் இன்றைக்கும் இவரோடு பேசுவதில்லை. ஆனால் கடை ஷட்டர் பூட்டுக்கு இவரை விட்டால் வேறு ஆளும் இல்லை. போன வாரம் நான் கடை வாசலில் இருந்தபோது வந்தார். ஒரு கை தூரத்தில் இவர் நிற்கிறார்.

"அம்மா, அந்தாள்கிட்டச் சொல்லுங்க. ரெண்டு சாவி வேணும்னு."

"ஏண்டி, அவருகிட்டச் சொல்லு. பழைய சாவியக் குடுத்தாத்தான் புதுசு வெட்ட முடியும்னு."

இரண்டு பேருக்கும் நான் சொன்னேன். மெஷின் கத்த ஆரம்பித்தது. தையல்காரர் காதைத் தீட்டிக்கொண்டு, "இது பாட்டா, சாவியான்னு கேளுங்கம்மா" என்றார்.