பக்கத்துக் கட்டில்

என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் வீட்டில் கஷாயம் வைப்பதில்லை, வண்டி பிடிப்போம். அவர் உடம்பில் ஓடிக்கொண்டிருப்பது என்னுடைய கிட்னி. மதுரையில் மாற்றி வைத்தார்கள். அதை அவர் உடம்பு வேற்றாள் என்று தள்ளிவிடாமல் இருக்கக் காலையும் மாலையும் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் காவலையே தூங்க வைத்துவிடும். நாம் மூக்கைச் சிந்திவிட்டு மறந்துபோகிற கிருமி அவரைக் கொண்டுபோய்விடும். டிஸ்சார்ஜ் ஆன அன்று மதுரை டாக்டர் என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னார்: காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே ஓட வேண்டும், மருந்து ஏறத் தொடங்கிய பிறகு எனக்குப் போன் பண்ணுங்கள்.

அன்றைக்கு நாங்கள் எங்கள் ஊரான ராஜபாளையத்தில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்தபடியே நடுங்கினார். நெற்றியைத் தொட்டுப் பார்த்த கையோடு நான் ஆட்டோவுக்கு ஓடினேன்.

போய் இறங்கிய தனியார் ஆஸ்பத்திரி ஒரு காலத்தில் யாரோ குடியிருந்த பெரிய வீடு. வராந்தாவை அடைத்து, நடுச்சுவரை இடித்து, ஹாலோடு சேர்த்து நீளமாக ஒரே அறையாக்கி, வாசலில் அவசர சிகிச்சை என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள். பைக்கில் விழுந்தவர், தேள் கொட்டியவர், நெஞ்சு அடைக்க இருமுகிறவர் எல்லாருக்கும் அந்த ஒரே வாசல்தான். கூட வந்தவர்கள் வெயிலில் நிற்க வேண்டாமே என்று நாற்காலிகளையும் உள்ளேயே போட்டிருந்தார்கள். ஏசி குளிர் வெளியே போகக் கூடாதென்று ஜன்னல்களை ஸ்க்ரூ வைத்து முடுக்கியாகிவிட்டது. கை கழுவும் பேசின் அறையின் கடைசியில், எல்லாக் கட்டில்களையும் தாண்டிக் கக்கூஸ் பக்கத்தில் இருந்தது. கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கிற இடத்தை ஒட்டிக் கை கழுவ இடம் கட்டத் தெரிந்த நமக்கு ஆஸ்பத்திரியில் மட்டும் அது ஏன் தோன்றுவதில்லையோ தெரியவில்லை.

அவரைச் சுவரோரக் கட்டிலில் படுக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள், டிரிப் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலுக்கும் இவருக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணி தொங்கியது. நான் பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறவள். துணி எதை நிறுத்தும், எதை விட்டுவிடும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். அந்தப் பக்கத்துக் கட்டிலுக்கு நேர் மேலே ஏசி இருந்தது. அதன் காற்றில் திரை இவர் முகத்துப் பக்கமாகவே உப்பிக்கொண்டிருந்தது.

செத்த நேரத்தில் அந்தக் காற்றோடு வேப்பிலை வாசனை வந்தது. திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். கன்னத்திலும் கழுத்திலும் நீர்கோத்த கொப்புளங்கள். தலைமாட்டில் வேப்பங்கொத்து. தாய்க்காரி என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆத்தா வந்திருக்காக்கா. இன்னும் தண்ணி ஊத்தல. வாந்தி எடுத்து மயங்கிட்டா, அதான் தூக்கிட்டு ஓடியாந்தேன். சிஸ்டர்ட்ட வாந்தின்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் பக்கத்தில் அம்மை போட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவதே ஆத்தாளுக்கு ஆகாது என்பார்கள். வந்த இடத்தில் அதன் பேரைச் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. பெற்றவள் பாவம், என்ன செய்வாள்.

அவரை எப்படி அங்கிருந்து நகர்த்துவது என்று நான் திரும்புவதற்குள், என் வீட்டுக்காரர் டிரிப் ஏறுகிற கையோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். தாய்க்காரி சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. சாமி முன்னால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார்களே, அந்த மரியாதையில் ஆட்டோவில் ஏறும்போது நான் மாட்டிவிட்டிருந்த மாஸ்கைத் தாடைக்குக் கீழே இறக்கினார். திரையை விலக்கி, "தாயே" என்று கும்பிட்டார். அந்த அம்மாவும் கொத்திலிருந்து ஒரு இணுக்கு ஒடித்து, "இந்தாங்க அண்ணாச்சி" என்று நீட்டினாள். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இத்தனையும் என் கண் முன்னால் நடந்தது. இலையைப் பிடுங்கி எறிந்தேன். மாஸ்கை மூக்கு நசுங்க ஏற்றிவிட்டேன். ஆத்தாளிடம் மன்னிப்பெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். தெரிந்திருந்தால் தனியாகப் படுக்க வைத்திருப்போமே என்றாள். எங்கே என்று கேட்டேன். அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கதவு உள்ள இடம் என்று அங்கே இருந்தது கக்கூஸ் ஒன்றுதான். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், அவன் சிஸ்டரைப் பார்த்தான். நான் டிரிப் பாட்டிலைக் கழற்றித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவரை வெளியே நடத்திக் கூட்டிவந்து ஆட்டோவில் உட்கார வைத்தேன். பாட்டிலை ஆட்டோவின் மேல்கம்பியில் கட்டினார் டிரைவர். அந்தச் சின்ன டாக்டர் வெயிலில் நின்றபடியே ஊசி போட்டான். அந்த ஆஸ்பத்திரியிலேயே காற்றோட்டமான வார்டு அந்த ஆட்டோதான்.

மதுரைக்குப் போன் பண்ணினேன். எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தார், சின்ன வயதில் அம்மை போட்டதா என்றெல்லாம் டாக்டர் கேட்டார். போட்டதில்லை என்றேன். கடைசியாக ஒன்று கேட்டார்.

"நடுவுல சுவர் இருந்துச்சாம்மா?"

"துணி இருந்துச்சு சார்."

உடனே கிளம்பி வரச் சொன்னார்.

மதுரையில் காய்ச்சலை இறக்கி, அம்மை வராமலிருக்க ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். கிட்னிக்கான மாத்திரை ஒன்றைக் குறைத்தார்கள். குறைத்தால் கிட்னி போகலாம், குறைக்காவிட்டால் அம்மை உள்ளே இறங்கி நுரையீரலைப் பிடிக்கலாம். வாரக்கணக்கில் காத்திருந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை என்று ராஜபாளையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் விடிந்ததும் அவரை முற்றத்துக்கு இழுத்துவந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் முதுகைத் தடவிப் பார்ப்பேன். ஒருநாள் இடுப்பில் சிவந்து கிடந்ததைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது வேர்க்குரு. "எம்புட்டு நாளைக்கு இப்படி மாடு வாங்குறவன் மாதிரி தடவிப் பாப்பே?" என்று கேலி பண்ணினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் தேறிவிட்டாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று தங்கை விசாரித்துச் சொன்னாள். சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

இவருக்கு ஒன்றும் வரவில்லை. டாக்டர் சொன்ன கெடு தாண்டியதும் நான் மறுபடி வேலைக்குப் போனேன்.

போன மாதம் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்த்திப் படுத்திருந்தார். கழுத்தில் கை வைத்தேன், அனலாகக் கொதித்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். நேற்றுக் காலையிலிருந்து என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அந்த மாதிரி ரூமுக்குத்தானட்டி கூட்டிட்டுப் போவே."

ராஜபாளையத்திலும் எனக்குத் தெரிந்த அவசரப் பிரிவெல்லாம் அதே மாதிரி நீள அறைதான், அதே மாதிரி துணிதான். அவருக்கு இரண்டு மாஸ்க் மாட்டி, தோளைப் பிடித்து எழுப்பி ஆட்டோவில் ஏற்றினேன். காய்ச்சல் இறங்க வேண்டும் என்று வேண்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கட்டும் என்றுதான் வழி நெடுக வேண்டிக்கொண்டு போனேன்.