மூன்று காலிக் கட்டங்கள்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில், அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கணினியில் சரிபார்ப்பது என் வேலை. அதற்கென்று பதினெட்டு வரிகளில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்.

அன்று வந்தது பெரியவர்களுக்கான ஒரு படக்கதைப் புத்தகம். பட்டாசு விபத்தில் கணவனை இழந்த பெண்ணின் கதை என்று அட்டையில் இருந்தது. பொம்மைப் புத்தகம்தானே என்று நான் உள்ளே படிக்கவில்லை.

ஒரு பக்கத்தில் மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. படம் விடுபட்டிருக்கிறது என்று நினைத்து, யாரையும் கேட்காமல் அவற்றை நீக்கினேன். அடுத்த படத்தைப் பெரிதாக்கி இடத்தை நிரப்பினேன். சிறிது நேரத்தில் பக்கம் அச்சுத் தகடு எடுக்க, பிளேட்டுக்குப் போக வேண்டும்.

பைண்டிங் பிரிவில் இருக்கும் செல்வி மாதிரித் தாள்களை எடுக்க வந்தாள். என் வயதுதான். பழைய தாளையும் புதியதையும் சேர்த்துப் பார்த்தாள்.

“ஏங்க இன்ஜினியரம்மா, இங்கன இருந்த வெறுங்கட்டத்த எங்க தூக்கிப் போட்டீக?”

“அதுல படமே இல்லையே, செல்வி.”

“படிக்காமயே திருத்துறீகளாக்கும்! முந்தின கட்டத்துலதான அவளுக்குப் போன் வருது. எங்க வீட்டுக்காரரு பட்டாசுக் கம்பெனியில வெடிச்சப்ப எனக்கும் போன் வந்துச்சு. கொஞ்ச நேரம் கண்ணு முன்னால ஒண்ணுமே இல்ல.”

சொல்லிவிட்டுத் தாள்களை அடுக்கத் தொடங்கினாள். இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். அவள் கணவரைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மூன்று கட்டங்களையும் திரும்ப வைத்தேன். பிறகு முதல் பக்கத்திலிருந்து புத்தகத்தைப் படித்தேன். அந்தக் காலிக் கட்டங்களைக் கடக்கத்தான் அதிக நேரம் ஆனது.