ஹீட்டர் பெட்டிக்குள் முருகன்

டெல்லி முனிர்காவில் நம்மூர் மாணவர்களுக்குச் சமைத்துப் போட்டு அலுத்த பிறகு, டிரான்ஸ்போர்ட் நகரில் ஒரு சர்தார்ஜியின் கடையில் சேர்ந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த ஊரிலும் எந்த வேலையிலும் கால் தரித்ததில்லை. கோடையில் பால் ஏற்றும் குளிர்பெட்டி லாரிகளுக்கு கேஸ் நிரப்புவோம். குளிர்காலத்தில் மலைக்குப் போகும் லாரிகளுக்கு ஹீட்டர் பார்ப்போம். லாரி ஹீட்டர் பெரிய வித்தை இல்லை. எஞ்சினில் சூடேறிய தண்ணீரை இரண்டு ரப்பர் குழாய்களில் கேபினுக்குள் கொண்டுவந்து, செம்பில் செய்த சின்ன ரேடியேட்டர் ஒன்றில் ஓடவிட வேண்டும். பின்னாலிருந்து விசிறி ஊதும். அவ்வளவுதான்.

ஒரு ஜனவரியில் நாமக்கல் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவருக்கு என்னைவிட வயது குறைவு. நான் தமிழில் பேசியதும் அவர் முகம் தெளிந்தது.

“ஏனுங்கண்ணா, சுவிச்சப் போட்டா காத்து வருதுங்க, சூடு வர மாட்டேங்குது. கேஸ் தீந்துபோச்சாட்ட இருக்குது. கொஞ்சம் அடிச்சு விடுங்க.”

“ஹீட்டருக்கு கேஸ் கிடையாது” என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

பக்கத்து சீட்டில் போர்வைக்குள் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். இரண்டாவது டிரைவர், இவருடைய தங்கையைக் கட்டிய மச்சான். ஆக்ராவிலேயே காய்ச்சல் பிடித்துவிட்டதாம். டெல்லியில் மருந்துப் பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது. போக வேண்டியது ஸ்ரீநகர்.

டேஷ்போர்டின் கீழே ஹீட்டர் பெட்டிக்கு ஒரு சின்னக் கதவு வைத்திருந்தார்கள். திறந்தேன். உள்ளே முருகன் இருந்தார். படத்துக்கு முன்னால் விபூதி டப்பா, சூடத் தட்டு, காய்ந்த கதம்பம்.

“அது சாமிங்க” என்றார் டிரைவர். “ஹீட்டரு எஞ்சினுக்குள்ள இருக்குமல்லங்க?”

விசிறியைப் போட்டுக் காட்டினேன். கதம்பம் ஆடியது. பஞ்சாபில் ஓடிய வண்டியைப் பழையதாக வாங்கியிருக்கிறார்கள். நாமக்கல்லில் யாரோ செம்பு ரேடியேட்டரைப் பிடுங்கிவிட்டு, இரண்டு குழாய்களையும் எஞ்சின் பக்கமே வளைத்து மாட்டி, காலியான பெட்டியில் சாமியை வைத்துவிட்டார். வெயிலில் வேகிற ஊரில் அது சரியான வேலைதான். விசிறியையும் சுவிட்சையும் மட்டும் விட்டுவைத்திருந்தார்.

சர்தார்ஜியிடம் கேட்டேன். மலை வண்டிகள் எல்லாம் ஒன்றாக வந்த வாரம் அது. கடைத்தெருவில் ஒரு ரேடியேட்டர்கூட இல்லை. புதிதாகச் செய்துதான் தர வேண்டும். “கல் நஹீ, பர்ஸோன்” என்றார். நாளை மறுநாள்.

டிரைவர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் முதலாளியிடம் பேசிவிட்டு வந்தார்.

“என்ன சொன்னாரு?”

“நம்மூரு வண்டிக்கு எதுக்குடா ஹீட்டரு, ஆளுக்கொரு கம்பளி வாங்கிட்டு இன்னைக்கே கெளம்புங்கறாருங்க.”

கம்பளியோடு தெருமுனையில் ஒரு கரியடுப்பும் வாங்கி வந்திருந்தார். இங்கே அங்கீட்டி என்பார்கள். மேலே பனி விழுந்து பாதை மூடினால் லாரிகள் ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, கேபினுக்குள் கரியை மூட்டிப் படுப்பார்கள். முந்தின குளிர்காலத்தில் எங்கள் கடைக்குப் பின்னாலேயே அப்படிப் படுத்த இருவர் எழுந்திருக்கவில்லை. கதவைத் திறந்தவர்களில் நானும் ஒருவன். முகம் சிவந்து, வெந்நீரில் குளித்துவிட்டுத் தூங்குகிறவர்கள் மாதிரி இருந்தார்கள்.

இதை அப்படியே டிரைவரிடம் சொன்னேன்.

“பொகை வந்தா தெரியாதுங்களா, எறக்கிப்போடுறம்.”

“புகை இருக்காதுய்யா. அந்த விஷக்காத்து கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கரி நல்லாக் கனிஞ்ச பிறகுதான் கொல்லும். ரெண்டு நாள் நில்லுங்க.”

“நின்னா வண்டிய வேற ஆளுகிட்டக் குடுத்துருவாருங்க. என்ற மச்சானப் பாருங்க, இப்பவே நடுங்குறான். அடுப்பில்லாம எப்படிங்க?”

சர்தார்ஜியிடம் சொன்னேன். அவரும் டிரைவரிடம் இந்தியில் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். டிரைவருக்கு ‘அச்சா’ தவிர இந்தி வராது. எல்லாவற்றுக்கும் அச்சா என்றார்.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். ஹீட்டர் பெட்டிக்கு வெளிக்காற்று வர, கேபினின் முன்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை இருக்கும். அதை நாமக்கல்லில் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். தகரத்தை வெட்டி எடுத்துவிட்டேன். முருகனைச் சற்று நகர்த்தி வைத்தேன். ஊசி மாதிரி காற்று உள்ளே வந்தது.

“ஏனுங்கண்ணா, சூடு கேட்டா குளிரு வெச்சுத் தர்றீங்க.”

“இத மட்டும் அடைச்சிராதீங்க. சாமி மேல சத்தியம் பண்ணுங்க.”

அவர் படத்தைத் தொட்டுக் கும்பிட்டார். சத்தியம் செய்தாரா, வழக்கமாகக் கும்பிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மூடுபனி இறங்கும்போது கிளம்பினார்கள். வண்டியைத் திருப்பத் தோதாக நான் முன்னால் நின்று கைகாட்டினேன். வண்டி பின்னால் போய் ஒடித்து மறுபடி முன்னால் வந்தபோது, அந்த ஓட்டைக்குள் நீலக் கட்டம் போட்ட லுங்கி ஒன்று திணித்திருப்பது தெரிந்தது. மச்சான் போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் எடுத்து எனக்குக் கும்பிடு போட்டார். நான் ஓட்டையைக் காட்டிக் கத்தினேன். வழிவிடச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, டிரைவர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

செய்யச் சொன்ன ரேடியேட்டர் சொன்ன நாளில் வந்தது. வேறொரு வண்டிக்கு மாட்டினோம். அந்தக் குளிர்காலம் முழுக்க மலையிலிருந்து இறங்கிய டிரைவர்களிடம் நாமக்கல் வண்டி ஒன்றைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். “மதராசி வண்டியா? நிறைய ஓடுதே” என்றார்கள்.